நிரல்களைப் பகிரச் சொன்ன கடற்படை அம்மையார்

கடந்த பருவ விடுமுறையில் கிள்ளான் பள்ளத்தாக்கில் உள்ள ஒரு நிறுவனத்தில் தொழிற்பயிற்சிக்குச் சென்றேன். கணினி அறிவியலில் இரண்டாம் ஆண்டை முடித்திருந்த மாணவி நான். செயற்கை நுண்ணறிவு, கைப்பேசிச் செயலி என்று ஏதாவது ஒன்றில் வேலை கிடைக்கும் என்ற கனவோடு போனேன். கிடைத்ததோ, என் அப்பா இடைநிலைப்பள்ளியில் படித்த காலத்தில் எழுதப்பட்ட ஒரு சம்பளக் கணக்கு மென்பொருள். அது எழுதப்பட்ட மொழியின் பெயர் கோபோல்.

அன்றிரவு தொலைபேசியில் அம்மாவிடம், நாள் முழுக்கக் கோபோலோடு மல்லுக்கட்டினேன் என்றேன். யாரம்மா அந்தக் கோபால், உன் மேலதிகாரியா என்று கேட்டார் அம்மா. சிரிப்பு வந்தாலும் உள்ளுக்குள் வருத்தம்தான். நண்பர்கள் எல்லாம் புதிய தொழில்நுட்பங்களைக் கற்றுக்கொண்டிருக்க, நான் மட்டும் கிழட்டு மொழியோடு மாட்டிக்கொண்டேனே என்று நினைத்தேன்.

அந்த மென்பொருளை முழுதாக அறிந்தவர் அலுவலகத்தில் ஒரே ஒருவர். வயதில் என் அம்மாவைவிடப் பெரியவர் என்றாலும் எல்லோருக்கும் அவர் அக்காதான். இன்னும் நான்கு மாதத்தில் பணி ஓய்வு பெறப்போகிறார். அவருக்குப் பின் அதைத் தொட ஆளில்லை. அதனால்தான் புதிய மொழிக்கு மாற்றும் வேலையைத் தொடங்கியிருந்தார்கள்.

இரண்டாம் வாரத்தில் நான் ஓர் அவசரக்குடுக்கை வேலை செய்தேன். யாரிடமும் கேட்காமல், கூடுதல் நேர ஊதியத்தைக் கணக்கிடும் பகுதியை எனக்குத் தெரிந்த பைத்தான் மொழியில் மாற்றி எழுதினேன். பழையதில் நூற்றுக்கணக்கான வரிகள், என்னுடையதில் நாற்பதே வரிகள். பெருமையாகக் காட்டினேன். அக்கா சென்ற மாதத் தரவைக் கொடுத்து ஓட்டிப் பார்க்கச் சொன்னார். சில தொழிலாளர்களுக்கு ஒரு சென் குறைந்தது.

ஒரு சென்தானே என்று நான் நினைத்தேன். அக்காவுக்கு அப்படித் தோன்றவில்லை. பத்து நிமிடத்தில் காரணத்தைக் காட்டினார். நான் பயன்படுத்திய எண் வகை எல்லாவற்றையும் இரண்டடிமான முறையில் சேமிக்கிறது. அம்முறையில் 0.1 என்ற எளிய எண்ணைக்கூடத் துல்லியமாக எழுத முடியாது. ஆகவே, அரை சென் வரும் இடங்களில் மேலே ஏற வேண்டிய தொகை கீழே இறங்கிவிட்டது. கோபோல் பணத்தை நாம் தாளில் எழுதுவதுபோல் பத்தடிமான இலக்கங்களாகவே வைத்துக் கணக்கிடும். பைத்தானிலும் அதற்கு வழி உண்டு. எனக்குத்தான் அது தேவை என்று தெரியவில்லை. நான் கிழடு என்று எண்ணிய மொழிக்கு, நான் மறந்த ஒன்று தெரிந்திருந்தது.

இப்படியொரு மொழியை யார் உருவாக்கியது என்று அன்றிரவு தேடத் தொடங்கினேன். அப்படித்தான் கிரேஸ் ஹாப்பர் எனக்கு அறிமுகமானார்.

ஏழு கடிகாரங்கள்

கிரேஸ் புரூஸ்டர் மர்ரி 1906 டிசம்பர் 9ஆம் நாள் நியூயார்க் நகரில் பிறந்தார். மூன்று பிள்ளைகளில் மூத்தவர். ஏழு வயதில், எழுப்பு மணி கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று அறிய ஒன்றைப் பிரித்தார். மீண்டும் பூட்டத் தெரியவில்லை. அதைப் புரிந்துகொள்ள அடுத்ததைப் பிரித்தார். இப்படியே வீட்டிலிருந்த ஏழு கடிகாரங்களும் துண்டு துண்டாயின. விஷயம் தெரிந்ததும் அம்மா அவரைத் தண்டிக்கவில்லை. இனி ஒரே ஒரு கடிகாரத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று மட்டும் கட்டளையிட்டார்.

தந்தை காப்புறுதித் துறையில் இருந்தவர். ஆண் பிள்ளைக்குக் கிடைக்கும் கல்வி பெண் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். அக்காலத்தில் அது அரிது.

ஆனாலும் 16 வயதில் வாசார் கல்லூரிக்கு விண்ணப்பித்த கிரேஸுக்கு இடம் கிடைக்கவில்லை. காரணம், லத்தீன் மொழித் தேர்வில் மதிப்பெண் போதவில்லை. எஸ்.பி.எம். முடிவைப் பார்த்து, ஒரு மொழிப் பாடம் காலை வாரிவிட்டதே என்று அழுத என் தோழிகளை இந்த இடத்தில் நினைத்துக்கொண்டேன். மொழித் தேர்வில் தோற்ற இந்தப் பெண்தான் பின்னாளில் கணினிகளுக்குச் சொற்களால் கட்டளையிடும் வழியைக் காட்டினார்.

மறு ஆண்டு இடம் கிடைத்தது. 1928இல் கணிதத்திலும் இயற்பியலிலும் பட்டம், 1930இல் யேல் பல்கலைக்கழகத்தில் முதுகலை, 1934இல் அங்கேயே கணிதத்தில் முனைவர் பட்டம். 1930இல் வின்சென்ட் ஹாப்பரை மணந்ததால் கிரேஸ் ஹாப்பர் ஆனார். 1945இல் மணமுறிவு ஏற்பட்ட பிறகும் அந்தப் பெயரே நிலைத்தது. வாசார் கல்லூரியிலேயே விரிவுரையாளராகி, இணைப் பேராசிரியராக உயர்ந்தார். நிலையான வேலை, மதிப்பான வாழ்க்கை. அதோடு நின்றிருந்தால் இன்று அவரை யாரும் பேசமாட்டார்கள்.

51 அடி நீள இயந்திரம்

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா இறங்கியதும் கிரேஸ் கடற்படையில் சேர விரும்பினார். அவருடைய கொள்ளுத்தாத்தா கடற்படையில் உயர் தளபதியாக இருந்தவர். ஆனால், கிரேஸுக்கு வயது அதிகம் என்றார்கள். எடையோ தேவையான 120 பவுண்டுக்கு 15 பவுண்டு குறைவு. அவர் விடவில்லை. சிறப்பு அனுமதி பெற்று 1943இல் கடற்படையின் மகளிர் துணைப் பிரிவில் சேர்ந்தார். பயிற்சி முடிந்தபோது தம் அணியில் முதல் மாணவி அவர்தான்.

1944இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பப்பட்டார். அங்கே ஹாவர்ட் ஐக்கன் என்பவர் தலைமையில் மார்க் 1 என்ற கணிப்பொறி இயங்கிக்கொண்டிருந்தது. அதன் நீளம் 51 அடி, உயரம் 8 அடி, எடை ஏறத்தாழ 5 டன். ஒரு நொடியில் மூன்று கூட்டல்கள் செய்யும். ஒரு பெருக்கலுக்கு ஏறக்குறைய ஆறு நொடிகள் பிடிக்கும். துளையிட்ட காகித நாடாவில்தான் கட்டளைகளைக் கொடுக்க வேண்டும். கணிப்பொறி என்பதையே அதற்குமுன் கண்டிராத ஹாப்பரின் கையில் உடனே ஒரு கடினமான கணக்கைக் கொடுத்தார் ஐக்கன். வழிகாட்டி நூல் எதுவும் இல்லை. பின்னர் அந்த இயந்திரத்துக்கான கையேட்டை எழுதும் பொறுப்பும் ஹாப்பரிடமே வந்தது. 1946இல் வெளியான அக்கையேடு 500 பக்கங்களைத் தாண்டியது. தமக்குத் தெரிந்ததை அடுத்தவருக்காக எழுதிவைக்கும் பழக்கம் அங்கே தொடங்கியது என்று எனக்குத் தோன்றுகிறது.

இங்கே ஒரு தவறான செய்தியைத் திருத்த வேண்டும். நிரலில் உள்ள பிழையை ஆங்கிலத்தில் பூச்சி என்னும் பொருளில் ‘பக்’ என்கிறோம். அச்சொல்லை ஹாப்பர்தான் உருவாக்கினார் என்று எங்கள் பள்ளியில்கூடச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அது சரியன்று. இயந்திரக் கோளாற்றைக் குறிக்க எடிசன் காலத்திலேயே பொறியாளர்கள் அச்சொல்லைப் பயன்படுத்தினார்கள். 1947 செப்டம்பர் 9ஆம் நாள் மார்க் 2 கணிப்பொறியின் உள்ளே ஒரு விட்டில் பூச்சி சிக்கியிருந்ததை ஹாப்பரின் குழுவினர் கண்டுபிடித்து, பதிவேட்டில் ஒட்டிவைத்தார்கள். ஹாப்பர் அக்கதையைச் சுவையாகச் சொல்லிச் சொல்லியே அது பரவியது. பூச்சியோடு அப்பதிவேடு இன்றும் வாஷிங்டனில் உள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கைமாறிய குறிப்பேடுகள்

ஹார்வர்டில் நடந்த ஒரு சிறிய விஷயம்தான் என்னை மிகவும் ஈர்த்தது. ஹாப்பரும் சக நிரலர்களும் ஆளுக்கொரு குறிப்பேடு வைத்திருந்தார்கள். ஒருவர் ஒரு கணக்குக்குச் சரியான கட்டளைத் தொடரை எழுதிவிட்டால், மற்றவர் அதைத் தம் குறிப்பேட்டில் படியெடுத்துக்கொள்வார். ஏற்கெனவே சரிபார்த்ததை மீண்டும் புதிதாக எழுத வேண்டியதில்லை அல்லவா? இன்று நாம் இயங்கலையில் நிரல் பகிர்கிறோமே, அதன் ஆதி வடிவம் இந்தக் குறிப்பேடுகள்தான்.

ஆனால், இதில் ஒரு சிக்கல். கையால் படியெடுக்கும்போது எழுத்துப் பிழைகள் நுழைந்தன. அதோடு, புதிய நிரலில் பொருத்தும்போது ஒவ்வொரு நினைவக முகவரியையும் கூட்டி மாற்ற வேண்டும். அந்தக் கூட்டலிலும் மனிதர்கள் தவறு செய்தார்கள். படியெடுப்பதும் கூட்டுவதும் இயந்திரம் நன்றாகச் செய்யக்கூடிய வேலைகள். அப்படியானால், நிரல் எழுதும் வேலையின் ஒரு பகுதியை ஏன் கணினியிடமே விடக்கூடாது என்று யோசித்தார் ஹாப்பர்.

1949இல் ஃபிலடெல்ஃபியாவில் இருந்த எக்கர்ட்-மோச்லி கணினி நிறுவனத்தில் சேர்ந்தார். போர்க்கால உழைப்பின் களைப்பும் மனச்சோர்வும் மதுப்பழக்கமும் அவரை வாட்டிய காலம் அது. நண்பர்களின் துணையோடு அதிலிருந்து மீண்டார். சாதனையாளர்களின் வரலாற்றில் இத்தகைய பக்கங்களைப் பெரும்பாலும் மறைத்துவிடுகிறோம். விழுந்தவர் எழுந்த கதையும் மாணவர்களாகிய நமக்குத் தேவை.

அந்நிறுவனத்தின் யூனிவாக் கணினிக்காக 1952 வாக்கில் ஏ-0 என்ற தொகுப்பியை அவர் உருவாக்கினார். சரிபார்த்த சிறு நிரல்கள் காந்த நாடாவில் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. எண்ணைச் சொன்னால் போதும். கணினி தானே அதைத் தேடி எடுத்து, முகவரிகளைத் திருத்தி, முழு நிரலாகக் கோத்துவிடும். இன்றைய தொகுப்பிகளோடு ஒப்பிட்டால் அது எளிய கருவிதான். அன்றோ பலர் நம்பவே இல்லை. கணினி எண்களைக் கூட்டிக் கழிக்கும், நிரலையா எழுதும் என்று கேட்டார்கள்.

அதை மேம்படுத்தி உருவாக்கிய ஏ-2 தொகுப்பியை 1953இல் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பினார்கள். மூல நிரலையும் சேர்த்தே கொடுத்தார்கள். திருத்தங்கள் செய்தால் திருப்பி அனுப்புங்கள் என்றும் கேட்டுக்கொண்டார்கள். திறந்த மூல மென்பொருள் என்று நாம் இன்று கொண்டாடும் பண்பாட்டுக்கு அது ஒரு முன்னோடி.

யாருடைய மொழி?

வணிக நிறுவனங்களில் கணக்கு வேலை செய்கிறவர்கள் கணிதக் குறியீடுகளை விரும்புவதில்லை என்பதை ஹாப்பர் கவனித்தார். அவர்களுக்குப் பழக்கமான சொற்களிலேயே கட்டளையிட முடிந்தால் என்ன? இந்த எண்ணத்தில் பிறந்ததுதான் ஃப்ளோ-மேட்டிக் மொழி.

அத்திட்டத்துக்குப் பணம் கேட்டு மேலிடத்துக்கு விளக்கம் அளித்தபோது ஒரு வேடிக்கை நடந்தது. ஆங்கிலச் சொற்களில் எழுதிய நிரலைக் காட்டினார். பிறகு அதே நிரலைப் பிரெஞ்சுச் சொற்களிலும் ஜெர்மன் சொற்களிலும் காட்டினார். கணினிக்கு எல்லாச் சொற்களும் வெறும் குறியீடுகளே என்று விளக்குவதே அவர் நோக்கம். ஆனால், அமெரிக்காவில் செய்த கணினிக்குப் பிரெஞ்சும் ஜெர்மனும் எப்படித் தெரியும் என்று மேலாளர்கள் மிரண்டுபோனார்கள்! கடைசியில் ஆங்கிலம் மட்டுமே இருக்கும் என்று உறுதி கூறித்தான் அவர் அனுமதி பெற வேண்டியிருந்தது. தமிழ்ப்பள்ளியில் தமிழிலும் பின்னர் மலாயிலும் ஆங்கிலத்திலும் படித்த எனக்கு, இதைப் படித்தபோது சிரிப்பும் ஏக்கமும் சேர்ந்தே வந்தன.

1950களின் இறுதியில் இன்னொரு தலைவலி முளைத்தது. ஒவ்வொரு கணினி நிறுவனமும் தனக்கென ஒரு மொழி வைத்திருந்தது. கணினியை மாற்றினால் எல்லா நிரல்களையும் முதலிலிருந்து எழுத வேண்டும். 1959 மே மாதம் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சின் தலைமையகமான பெண்டகனில் இதற்காக ஒரு கூட்டம் நடந்தது. அரசுத் துறையினர், கணினி தயாரிப்பாளர்கள், பயன்படுத்துவோர் என ஏறத்தாழ 40 பேர் கூடினர். சந்தையில் போட்டியாளர்களாக இருந்தவர்கள் ஒரே மேசையில் அமர்ந்து, எல்லோருக்கும் பொதுவான மொழி ஒன்றை உருவாக்க ஒப்புக்கொண்டார்கள். அப்படிப் பிறந்ததே கோபோல்.

ஹாப்பர் தனியாளாகக் கோபோலைப் படைத்தார் என்று சிலர் எழுதுகிறார்கள். உண்மையில் அதை வடிவமைத்தது ஒரு குழு. ஜீன் சாமெட், பெட்டி ஹோல்பர்டன் போன்ற பெண்கள் அதில் முக்கியப் பங்காற்றினர். ஹாப்பர் ஆலோசகராக இருந்தார். அவருடைய ஃப்ளோ-மேட்டிக் அம்மொழிக்குப் பெரிய அடித்தளமாக அமைந்தது. பகிர்ந்து செய்த வேலையின் புகழையும் பகிர்ந்து கொடுப்பதே முறை.

1960 டிசம்பரில் ஒரே கோபோல் நிரலை, சிறு மாற்றங்களோடு, இரு வேறு நிறுவனங்களின் கணினிகளில் ஓட்டிக் காட்டினார்கள். இயந்திரம் மாறினாலும் உழைப்பு வீணாகாது என்பது அன்று உறுதியானது.

ஆறு மாதம் 19 ஆண்டானது

1966 இறுதியில், 60 வயதில், ஹாப்பர் கடற்படைச் சேமப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றார். ஓராண்டுகூட ஆகவில்லை. 1967 ஆகஸ்டில் கடற்படை அவரைத் திரும்ப அழைத்தது. ஆறு மாத வேலை என்றார்கள்.

என்ன வேலை தெரியுமா? ஏறக்குறைய எங்கள் அலுவலகத்தில் இருந்த அதே சிக்கல்தான், பெரிய அளவில். கடற்படையின் பல கணினிகளில் கோபோல் இருந்தது. ஆனால், ஒவ்வொரு தயாரிப்பாளரும் அதைத் தம் விருப்பப்படி சற்றே மாற்றியிருந்தார்கள். ஓரிடத்தில் ஓடும் நிரல் மற்றோரிடத்தில் ஓடாது.

எல்லோரையும் கடிந்துகொண்டு ஆணையிடுவதால் இது தீராது என்பது ஹாப்பருக்குத் தெரியும். அவரும் குழுவினரும் சோதனை நிரல்களை எழுதினார்கள். விடை முன்பே தெரிந்த கணக்குகள் அவை. ஒரு நிறுவனத்தின் தொகுப்பி அவற்றைச் சரியாக ஓட்டினால் அது தரமானது. இல்லாவிட்டால் எந்த இடத்தில் பிசகு என்பதும் உடனே தெரிந்துவிடும். வாய்ச்சண்டைக்கு இடமில்லை. அச்சோதனைகள் பிறகு கடற்படையைத் தாண்டி, தேசிய அளவில் தொகுப்பிகளைச் சான்றளிக்கும் முறைக்கு வழிவிட்டன.

இடையில் 1971இல் ஒருமுறை ஓய்வு கொடுத்து மறு ஆண்டே மீண்டும் அழைத்துக்கொண்டார்கள். ஆறு மாதம் என்று தொடங்கிய பணி 1986 வரை நீண்டது. அவர் அலுவலகச் சுவரில் முள்கள் இடப்பக்கமாகச் சுற்றும் கடிகாரம் ஒன்று தொங்கியது. காலங்காலமாக இப்படித்தான் என்று எவரும் காரணம் சொல்லக்கூடாது என்பதற்கான நினைவூட்டல் அது. இளையர்களிடம் பேசப் போகும்போது ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் நீளக் கம்பித் துண்டுகளைக் கொண்டுபோவார். ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு நேரத்தில் ஒளி செல்லும் தூரம் அதுதான் என்று கையில் கொடுத்து விளக்குவார்.

1986 ஆகஸ்டு 14ஆம் நாள், பாஸ்டன் துறைமுகத்தில் யூ.எஸ்.எஸ். கான்ஸ்டிடியூஷன் என்ற பழம்பெரும் கப்பலில் அவருக்கு விடைகொடுத்தார்கள். அப்போது அவருக்கு வயது 79. பின்தளபதி நிலையில் இருந்த அவரே பணியிலிருந்த அதிகாரிகளில் மூத்தவர். அதன் பிறகும் ஒரு கணினி நிறுவனத்தில் ஆலோசகராகச் சேர்ந்தார். 1992 ஜனவரி 1ஆம் நாள் 85 வயதில் காலமானார். ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் இராணுவ மரியாதையோடு அடக்கம் செய்யப்பட்டார். அவர் பெயரில் ஒரு போர்க்கப்பல் உண்டு. 2016இல் அமெரிக்காவின் உயரிய குடிமக்கள் விருது அவருக்கு வழங்கப்பட்டது.

அவர் மறைந்த பின்னும் அதே பாடம் திரும்பத் திரும்ப வந்தது. 2020 ஏப்ரலில், பெருந்தொற்றால் வேலையிழந்தவர்களின் விண்ணப்பங்கள் மலைபோல் குவிந்தபோது, நியூ ஜெர்சி மாநில ஆளுநர் கோபோல் தெரிந்த தன்னார்வலர்கள் தேவை என்று வெளிப்படையாகவே கேட்டார். ஓய்வு பெற்ற நிரலர்கள் பலர் உதவ முன்வந்தார்கள். ஓப்பன் மெயின்ஃபிரேம் புராஜெக்ட் என்ற அமைப்பு அவர்களை ஒருங்கிணைத்ததோடு, புதியவர்களுக்கு இலவசப் பாடமும் தொடங்கியது. பழைய மென்பொருள் இருப்பது பெரிய ஆபத்தன்று. அதை அறிந்தவர்கள் சொல்லிவைக்காமல் போய்விடுவதே ஆபத்து.

அக்காவின் குறிப்பேடு

ஹாப்பரைப் படித்த பிறகு என் தொழிற்பயிற்சியின் போக்கு மாறியது. என் நாற்பது வரிகளை ஒதுக்கிவிட்டு, அக்காவின் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு அமர்ந்தேன். ஒவ்வொரு பகுதியும் என்ன செய்கிறது, ஏன் அப்படிச் செய்கிறது என்று கேட்டுக் கேட்டு எழுதினேன். ஓரிடத்தில் ஒரு விசித்திரமான நிபந்தனை இருந்தது. தேவையற்றது, நீக்கிவிடலாம் என்று நினைத்திருந்தேன். பல ஆண்டுகளுக்கு முன் தொழிலாளர்களுக்குக் கொடுத்த ஒரு வாக்குறுதி அது. எந்த ஆவணத்திலும் இல்லை. அந்த நிரலிலும் அக்காவின் நினைவிலும் மட்டுமே இருந்தது. நான் நீக்கியிருந்தால் சிலருடைய சம்பளத்தில் கை வைத்திருப்பேன்.

பிறகு ஹாப்பரின் வழியில் சோதனைகளை உருவாக்கினோம். பெயர்களை நீக்கிய பழைய சம்பளக் கணக்குகளை எடுத்து, பழைய மென்பொருளும் புதியதும் ஒரே விடை தருகின்றனவா என்று ஒப்பிட்டோம். பயிற்சி முடிவதற்குள் கூடுதல் நேர ஊதியப் பகுதி ஒன்று மட்டுமே தேறியது. மற்றவை இன்னும் பாக்கி. ஆனால், அந்த ஒன்றில் ஒரு சென்கூடப் பிசகவில்லை.

கடைசி நாளில் அக்கா தம் குறிப்பேட்டை நகலெடுத்துக்கொள்ளச் சொல்லி என்னிடம் கொடுத்தார். மலாயும் ஆங்கிலமும் தமிழும் கலந்து எழுதியிருந்தார். புரட்டிப் பார்த்தபோது முதல் சில பக்கங்களில் இருந்தது அவருடைய கையெழுத்து இல்லை என்று தெரிந்தது. அவருக்கு முன் அந்த வேலையில் இருந்தவர் எழுதியது என்றார்.

நகல் ஒன்றை அலுவலகத்தில் வைத்தோம். இன்னொன்றில், கடைசிப் பக்கத்துக்குப் பின் சில வெள்ளைத் தாள்களைச் சேர்த்து, அடுத்து வரும் பயிற்சி மாணவருக்காக நான் கண்டவற்றை எழுதினேன். முதல் வரியாக, நான் செய்த ஒரு சென் தவற்றைத்தான் எழுதினேன்.